தனிமங்களின் ஆக்சிஜனேற்ற நிலைகளும் அயனி மின்சுமைகளும்: தமிழாக்கச் சிக்கல்கள்

1. முன்னுரை

பாதரசமும் குளோரினும் கூடி இரண்டு சேர்மங்களைத் தருகின்றன. அவற்றுள் ஒன்று ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் பேதி மருந்தாகவும், குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் பருவத்தில் கொடுக்கும் பொடியாகவும் வழங்கியது. அதுவும் தீங்கற்றதன்று என்பது பின்னரே அறியப்பட்டது. மற்றொன்று சிறிதளவு உட்கொண்டாலும் உயிரைப் போக்கவல்ல கொடிய நஞ்சு. ஆங்கில மரபில் முன்னது ‘மெர்குரஸ் குளோரைடு’ என்றும் பின்னது ‘மெர்குரிக் குளோரைடு’ என்றும் பெயர் பெறும். பெயர்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு விகுதியளவே. இவ்விரண்டையும் ‘பாதரசக் குளோரைடு’ என்று ஒரே தொடரால் தமிழாக்கினால் மருந்தும் நஞ்சும் ஒரு பெயருக்குள் அடங்கிவிடும்.

ஒரு தனிமம் சேர்மத்தில் எந்த நிலையில் உள்ளது என்பதை வேதியியல் மொழி விகுதிகளாலும் எண்களாலும் குறிகளாலும் உணர்த்துகிறது. இவை மிகச் சிறிய வடிவங்கள். ஆயினும் பொருள் வேறுபாடு முழுவதும் இவற்றையே சார்ந்துள்ளது. இவ்வடிவங்கள் தமிழுக்கு வரும்போது தமிழின் எழுத்து முறை, புணர்ச்சி விதி, சொல்வரிசை ஆகியவற்றோடு மோதுகின்றன. இம்மோதலால் எழும் சிக்கல்களை விளக்கி, மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க நெறிகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘ஆக்சிஜன்’ முதலிய சொற்கள் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பெரிதும் வழங்கும் வடிவிலேயே இங்கு ஆளப்படுகின்றன.

2. மூன்று கருத்துகள்

மின்சுமை, இணைதிறன், ஆக்சிஜனேற்ற நிலை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பில் நேரும் குழப்பங்களுள் பல, இம்மூன்றையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வதால் விளைகின்றன.

2.1 மின்சுமை

அணுவோ அணுத்தொகுதியோ எலக்ட்ரானை இழந்தால் நேர்மின்சுமையும் ஏற்றால் எதிர்மின்சுமையும் பெறும். இவ்வாறு மின்சுமை பெற்ற துகளே அயனி. 1834ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே, வில்லியம் ஹியூவெலின் துணையோடு, ‘செல்வது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை வகுத்தார். மின்சுமை உண்மையில் அளந்தறியத்தக்க பண்பு. இதனை எழுதும்போது எண் முன்னும் குறி பின்னும் வரும்: கால்சியம் அயனியின் மின்சுமை 2+, சல்பேட்டு அயனியின் மின்சுமை 2−.

2.2 இணைதிறன்

ஓர் அணு உண்டாக்கும் பிணைப்புகளின் எண்ணிக்கையே இணைதிறன். இதற்கு நேர், எதிர் என்னும் வேறுபாடு இல்லை. மீத்தேன், பார்மால்டிஹைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகிய மூன்றிலும் கார்பனின் இணைதிறன் நான்கே.

2.3 ஆக்சிஜனேற்ற நிலை

ஒரு சேர்மத்திலுள்ள வேறுவேறு தனிமங்களுக்கு இடைப்பட்ட பிணைப்புகள் அனைத்தும் அயனிப் பிணைப்புகள் என்று வைத்துக்கொண்டால், ஓர் அணுவுக்கு எஞ்சும் மின்சுமை எவ்வளவோ அதுவே அதன் ஆக்சிஜனேற்ற நிலை. தூய, பயன்முறை வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின் சாரம் இதுவே. எனவே இது அளந்து காணும் பண்பன்று. கணக்கிட்டுக் கொள்ளும் எண். இவ்வெண்ணை எழுதும்போது குறி முன்னும் எண் பின்னும் வரும்: +2, −1 என்பனபோல. மேற்காட்டிய மூன்று கார்பன் சேர்மங்களில் இணைதிறன் மாறாதிருக்க, ஆக்சிஜனேற்ற நிலை முறையே −4, 0, +4 என மாறுகிறது.

‘2+’ என்பதும் ‘+2’ என்பதும் அச்சுப்பிழையால் இடம் மாறிய ஒரே வடிவங்கள் அல்ல. முன்னது மின்சுமை, பின்னது ஆக்சிஜனேற்ற நிலை. பெர்மாங்கனேட்டு அயனியின் மின்சுமை 1−. அதிலுள்ள நான்கு ஆக்சிஜன் அணுக்களும் −2 நிலையில் இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகை −8. மொத்தம் −1 ஆக வேண்டுமாயின் மாங்கனீசு +7 நிலையில் இருத்தல் வேண்டும். ஆனால் ஏழு எலக்ட்ரான்களை இழந்த மாங்கனீசு அயனி என்று ஒன்று அக்கரைசலில் இல்லை. ‘மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற நிலை +7’ என்னும் தொடரை ‘மாங்கனீசின் மின்சுமை 7+’ என்று பெயர்த்தால் இல்லாத பொருளை உண்டென்று கூறியதாகும்.

பாதரசம் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகிறது. மெர்குரஸ் அயனி இரண்டு பாதரச அணுக்கள் பிணைந்த ஒன்று. அதன் மொத்த மின்சுமை 2+. மெர்குரிக் அயனி ஒற்றை அணுவாலானது; அதன் மின்சுமையும் 2+. மின்சுமையை மட்டும் நோக்கின் இரண்டும் ஒன்றே. ஆக்சிஜனேற்ற நிலையை நோக்கினால்தான் முன்னது +1 என்றும் பின்னது +2 என்றும் வேறுபடும்.

3. தனிமங்களின் பொதுவான நிலைகள்

தனிம வரிசை அட்டவணையில் ஒரு தனிமத்தின் இடத்தைக் கொண்டே அதன் இயல்பான நிலையைப் பெரும்பாலும் உய்த்துணரலாம். சோடியம், பொட்டாசியம் முதலிய கார உலோகங்கள் +1, மக்னீசியம், கால்சியம் முதலிய காரமண் உலோகங்கள் +2, அலுமினியம் +3. அலோகங்களுள் ஃபுளூரின் தன் சேர்மங்கள் அனைத்திலும் −1. குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை உலோகங்களோடு கூடும்போது −1. ஆக்சிஜன் பொதுவாக −2, பெராக்சைடுகளில் −1, ஃபுளூரினோடு கூடும்போது மட்டும் +2 ஆகவும் அமையும். ஹைட்ரஜன் பொதுவாக +1; உலோக ஹைட்ரைடுகளில் −1. தனித்த நிலையிலுள்ள எத்தனிமத்துக்கும் மதிப்பு சுழியே.

ஒரே நிலை உடைய தனிமங்கள் பெயரிடுதலில் சிக்கல் தருவதில்லை. ‘கால்சியம் குளோரைடு’ என்பதில் கால்சியத்தின் நிலையைக் கூற வேண்டிய தேவை இல்லை. அது +2 என்பது வெளிப்படை. ஒன்றுக்கு மேற்பட்ட நிலை உடையவற்றிலேயே பெயரில் வேறுபாடு காட்டப்பட வேண்டும். செம்பு +1, +2. இரும்பு +2, +3. வெள்ளீயம், ஈயம் இரண்டும் +2, +4. குரோமியம் சிறப்பாக +3, +6. மாங்கனீசு +2 முதல் +7 வரை. இதுவரை அறியப்பட்ட மிக உயர்ந்த நிலை, 2014இல் இரிடியத்தின் ஆக்சிஜன் அயனி ஒன்றில் வளிம நிலையில் கண்டறியப்பட்ட +9 ஆகும்.

சில சேர்மங்களில் ஒரே தனிமம் இரு நிலைகளில் கலந்திருக்கும். காந்தக்கல்லில் மூன்று இரும்பு அணுக்களுக்கு ஒன்று +2 நிலையிலும் இரண்டு +3 நிலையிலும் உள்ளன. சிவப்பு ஈயத்தில் இரண்டு ஈய அணுக்கள் +2 நிலையிலும் ஒன்று +4 நிலையிலும் உள்ளன. இரண்டிலும் சராசரி எட்டின் கீழ் மூன்றே. ‘சராசரி’ என்னும் சொல்லை மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டால், ஒவ்வோர் அணுவும் பின்ன மதிப்புடையது என்னும் தவறான பொருள் தோன்றும்.

4. பெயரிடு முறைகள்

1787இல் குய்ட்டோன் தெ மோர்வோ, லவாசியே, பெர்த்தொலே, ஃபூர்குரோவா ஆகிய நால்வர் வெளியிட்ட பிரெஞ்சுப் பெயரிடு முறையே இன்றைய முறைக்கு அடிப்படை. ஆக்சிஜன் குறைந்த அமிலத்துக்கு ஒரு விகுதியும் மிகுந்த அமிலத்துக்கு மற்றொரு விகுதியும் அவர்கள் வகுத்தனர். அவையே ஆங்கிலத்தில் ‘-அஸ்’, ‘-இக்’ என வழங்கி, உலோகங்களுக்கும் விரிந்து ‘பெரஸ்’, ‘பெரிக்’ போன்ற பெயர்களைத் தந்தன. அவ்வமிலங்களின் உப்புகள் முறையே ‘-ஐட்டு’, ‘-ஏட்டு’ என்னும் ஈறுகளைப் பெற்றன.

இவ்விகுதிகளின் பொருளை மொழியியல் நோக்கில் ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். இவை எண்ணைக் குறிப்பன அல்ல, உறழ்ச்சியைக் குறிப்பன. ‘-அஸ்’ என்பது இரண்டனுள் தாழ்ந்த நிலை; ‘-இக்’ என்பது உயர்ந்த நிலை. தாழ்ந்தது எது, உயர்ந்தது எது என்பது தனிமத்துக்குத் தனிமம் மாறும். பெரஸ் என்பது +2. குப்ரஸ் என்பது +1. பெரிக் என்பது +3. குப்ரிக் என்பது +2. ஸ்டானிக் என்பது +4. எனவே பெரஸ், குப்ரிக் ஆகிய இரண்டும் விகுதியால் வேறுபட்டும் எண்ணால் ஒன்றாகவே உள்ளன. ‘-அஸ்’ ஈற்றை எங்கும் ‘ஈரிணைதிற’ என்று பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் இரும்பில் பிழையின்றிச் சென்று செம்பில் தவறுவார்.

உப்புகளின் ஈறுகளும் இத்தன்மையனவே. நைட்ரைட்டில் நைட்ரஜன் +3, நைட்ரேட்டில் +5. சல்பைட்டில் கந்தகம் +4, சல்பேட்டில் +6. குளோரினுக்கு நான்கு நிலைகள் தேவைப்பட்டதால் முன்னொட்டுகளும் சேர்க்கப்பட்டன: ஹைப்போகுளோரைட்டு +1, குளோரைட்டு +3, குளோரேட்டு +5, பெர்குளோரேட்டு +7.

இரு விகுதிகளால் இரு நிலைகளையே காட்ட முடியும். வனேடியம் +2, +3, +4, +5 ஆகிய நான்கு நிலைகளில் அமைவதால் அதற்கு இம்முறை போதாது. 1919இல் ஜெர்மானிய வேதியியலார் ஆல்ஃபிரெட் ஷ்டாக் இதற்குத் தீர்வு கூறினார். தனிமத்தின் பெயரை அடுத்துப் பிறையடைப்புக்குள் ஆக்சிஜனேற்ற நிலையை உரோம எண்ணால் எழுதுவது அவர் முறை. பின்னர் யூவன்ஸ், பாசெட் ஆகிய இருவரும் 1949இல், அயனியின் மின்சுமையை அராபிய எண்ணாலும் குறியாலும் பிறையடைப்புக்குள் எழுதும் முறையை முன்வைத்தனர். இன்றைய பன்னாட்டு விதிகள் ‘-அஸ்’, ‘-இக்’ ஈறுகளைப் பரிந்துரைப்பதில்லை. எனினும் மருந்துப் பெயர்களிலும் வணிகப் பெயர்களிலும் பழைய நூல்களிலும் அவை நிலவுவதால் மொழிபெயர்ப்பாளர் இரு முறைகளையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

5. ஈற்றெழுத்தும் புணர்ச்சியும்

தமிழுக்கே உரிய சிக்கல் இங்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ‘சல்பைடு’, ‘சல்பைட்டு’ ஆகிய இரண்டும் இறுதி மெய்யின் ஒலிப்பால் மட்டுமே வேறுபடும் இணை. முன்னதன் ஈறு ஒலிப்புடையது. பின்னதன் ஈறு ஒலிப்பிலாதது. வேதியியலில் இச்சிறு வேறுபாடு பெரியது: சல்பைடில் கந்தகம் −2, சல்பைட்டில் +4.

தமிழில் வல்லின மெய்களின் ஒலிப்பு, சொல்லில் அவை நிற்கும் இடத்தைப் பொறுத்த மாற்றொலியே. உயிர்களுக்கிடையே தனித்து வரும் டகரம் ஒலிப்புடையதாகவும், இரட்டித்து வரும் டகரம் ஒலிப்பிலாததாகவும் ஒலிக்கும். ஆதலால் ‘சல்பைடு’, ‘சல்பைட்டு’ என்று குற்றியலுகர ஈறு கொடுத்து எழுதும்போது வேறுபாடு செவ்வையாகக் காக்கப்படுகிறது. ஆனால் ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றுவதாக எண்ணி ‘சல்பைட்’ என மெய்யீறாக எழுதுவோர் உளர். அவ்வெழுத்துமுறையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. குற்றியலுகர ஈறு இங்கு வெறும் மரபுக் காப்பன்று. பொருள் வேறுபாட்டைத் தாங்கி நிற்கும் உறுப்பு.

இரண்டாவது சிக்கல் வேற்றுமை உருபு ஏற்கும்போது எழுகிறது. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களின் ஈற்றிலுள்ள டகர, றகரங்கள் வேற்றுமையில் இரட்டிக்கும் என்பது நன்னூல் காட்டும் விதி. வீடு, வீட்டில் ஆவதும், நாடு, நாட்டை ஆவதும் இவ்விதியாலேயே. இதனை வேதியியற் பெயர்களுக்கும் பொருத்தினால் ‘சல்பைடு’ என்பது ‘சல்பைட்டில்’ ஆகும். ‘சல்பைட்டு’ என்பதும் ‘சல்பைட்டில்’ என்றே ஆகும். எழுவாயில் வேறுபட்டிருந்த இரு பெயர்களும் வேற்றுமையில் ஒன்றிவிடுகின்றன.

ஜெர்மன் மொழியோடு இதனை ஒப்பிடலாம். ஜெர்மனில் சொல்லிறுதி மெய் ஒலிப்பிழப்பதால் ஒருமையில் இவ்விரு பெயர்களும் பேச்சில் ஒன்றுபோல் ஒலிக்கும். பன்மை விகுதி சேர்ந்தவுடன் வேறுபாடு மீளும். தமிழில் நிலை இதற்கு நேர்மாறானது: உருபேற்காத வடிவில் வேறுபாடு உண்டு, உருபேற்ற வடிவில் மறைகிறது. தமிழ்ப் பாடநூல்கள் பலவும் ‘குளோரைடின்’, ‘ஆக்சைடை’ என இரட்டாமல் எழுதுவது விதி அறியாமையால் அன்று. பிறமொழிப் பெயரின் உருவத்தைக் காத்துக் கொள்ளும் இவ்வழக்கு, வேதியியற் பெயர்களில் நெகிழ்வாகக் கொள்ளத்தக்கதன்று, கட்டாயமாகப் பின்பற்றத்தக்கது.

மூன்றாவதாக, தமிழ் வழங்கும் இரு நிலங்களின் எழுத்துமரபுகள் வேறுபடுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் ஆங்கிலத்தின் நுனியண்ண ஒலிப்பிலா மெய் ‘ற்ற’ என எழுதப்படும்: சல்பேற்று, நைத்திரேற்று, நைத்திரைற்று. ஒலிப்புடைய ஈறு ‘ட்ட’ என எழுதப்படும்: குளோரைட்டு, காபனீரொட்சைட்டு. எனவே ‘குளோரைட்டு’ என்னும் ஒரே எழுத்துருவம் இலங்கையில் குளோரின் −1 நிலையிலுள்ள உப்பையும், தமிழ்நாட்டு முறையில் குளோரின் +3 நிலையிலுள்ள உப்பையும் குறிக்கும். முன்னது சமையலுப்பின் பெயரில் வருவது. பின்னது வெளுப்பானாகப் பயன்படுவது. ஒரு நிலத்து நூலை மற்றொரு நிலத்தார் பயன்படுத்தும்போது இது கருதத்தக்கது. இரு மரபுகளுமே தம்மளவில் முரணற்றவை. ஒரே நூலில் கலந்து வரும்போதே இடர் விளைகிறது.

‘-ஐட்டு’, ‘-ஏட்டு’ ஈறுகளுக்கிடையே அச்சில் ஒரு கொம்பளவே வேறுபாடு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமும், நைட்ரைட்டுக்கு 3 மில்லிகிராமும் வரம்பாகக் கூறுகிறது. ஒரு கொம்பு மாறினால் வரம்பு பதினாறு மடங்குக்கு மேல் மாறிவிடும். பாஸ்பைடு, பாஸ்பேட்டு இணையும் இத்தகையதே: முன்னது துத்தநாகத்தோடு கூடி எலி நஞ்சாகவும், பின்னது கால்சியத்தோடு கூடிப் பயிர் உரமாகவும் பயன்படுகிறது.

6. எண்ணுப் பெயரின் இடம்

ஷ்டாக் முறைப் பெயரை வாய்விட்டுப் படிக்கும்போது மற்றொரு சிக்கல் தோன்றுகிறது. ஈயத்தின் +2 நிலை ஆக்சைடை இம்முறையில் ‘ஈயம் இரண்டு ஆக்சைடு’ என்று படிக்க வேண்டும். தமிழில் எண்ணுப்பெயர் தான் தழுவும் பெயருக்கு முன் வருவதே இயல்பு: இரண்டு வீடு, மூன்று மரம். ஆதலால் கேட்போர் ‘இரண்டு ஆக்சைடு’ என்று கூட்டிப் பொருள் கொள்வர். அவ்வாறு கொண்டால் அது ‘ஈய டை ஆக்சைடு’ ஆகும். ஆனால் ஈய டை ஆக்சைடு என்பது ஈயத்தின் +4 நிலைச் சேர்மம். மின்கல அடுக்கின் நேர்மின் தகட்டில் இருப்பது. சொல்லப்பட்டது ஒன்று, கேட்கப்பட்டது மற்றொன்று.

எண்ணுப்பெயர் பின்னே வரும் வழக்கும் தமிழில் உண்டு. கணக்குகளிலும் பட்டியல்களிலும் ‘ஆடு இரண்டு, மாடு மூன்று’ என வரும். அங்கு எண் பொருளின் தொகையைக் குறிக்கும். அவ்வழியே நோக்கினாலும் ‘ஈயம் இரண்டு’ என்பது ஈய அணுக்கள் இரண்டு என்றே பொருள்படும். எவ்வாறு நோக்கினும் எண் தொகையைக் குறிக்குமேயன்றி நிலையைக் குறிக்காது. ஷ்டாக் முறையின் எண் வரிசைப்படுத்துவதுமன்று, தொகுப்பதுமன்று, பண்பைக் காட்டுவது. இத்தகைய எண்ணுக்குத் தமிழ்த் தொடரமைப்பில் இயல்பான இடம் இல்லை.

இதற்கு இரு வழிகள் உள. முதன்முறை வருமிடத்தில் ‘+2 நிலையிலுள்ள ஈயத்தின் ஆக்சைடு’ என விரித்துக் கூறலாம். அடுத்தடுத்து வருமிடங்களில் ‘ஈயம்-இரண்டு ஆக்சைடு’ என எண்ணை முன்சொல்லோடு இணைகோட்டால் பிணைக்கலாம். தனிமப் பெயரின் மகர ஈற்றைக் கெடுக்காமல் வைத்து, எண்ணுக்குப் பின் இடைவெளி விடலாம். அணுக்களின் தொகையைக் குறிக்குமிடத்தில் ‘ஈராக்சைடு’, ‘டை ஆக்சைடு’ என எண்ணை முன்னொட்டாகவே சேர்த்தெழுதலாம். இவ்வாறு செய்தால் நிலையெண்ணும் தொகையெண்ணும் வடிவத்தாலேயே வேறுபடும்.

7. கருத்துச் சொற்களின் ஆக்கம்

1961இல் இந்திய அரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம், தனிமம், சேர்மம் ஆகியவற்றின் பன்னாட்டுப் பெயர்களை ஒலிபெயர்த்துக் கொள்ளவும், கருத்துச் சொற்களை மொழிபெயர்த்துக் கொள்ளவும் நெறி வகுத்தது. ‘ஆக்சிடேஷன்’ என்னும் சொல் இவ்விரு வகைக்கும் இடைப்பட்டது: அதனுள் தனிமத்தின் பெயரும் உண்டு; வினைக் கருத்தும் உண்டு. ஆதலால் இந்திய மொழிகள் அதனைப் பலவாறு கையாண்டுள்ளன. இந்தியிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் தனிமப் பெயரின் பகுதியோடு வடமொழி ஈறு சேர்ந்து ‘ஆக்சீகரணம்’ என்னும் வகைச் சொற்கள் தோன்றின. கன்னடம் ‘உத்கர்ஷண’, ‘அபகர்ஷண’ என்னும் இணையை ஆள்கிறது. வங்கமொழி ‘ஜாரண்’, ‘பிஜாரண்’ என்கிறது. ‘ஜாரணம்’ என்பது வடமொழி இரசவாத நூல்களில் வழங்கிய பழஞ்சொல்.

தமிழின் ‘ஆக்சிஜனேற்றம்’ பொருள் விளக்கம் மிக்க சொல். அதுவே அதன் குறையுமாகும். ஆக்சிஜனை ஏற்றுவது என்னும் பொருள் அதில் வெளிப்பட நிற்கிறது. ஆனால் இன்றைய கருத்துப்படி எலக்ட்ரானை இழத்தலே ஆக்சிஜனேற்றம். அதற்கு ஆக்சிஜன் வேண்டுவதில்லை. இரும்பு குளோரினோடு கூடி +3 நிலை அடைவதும் ஆக்சிஜனேற்றமே. ‘குளோரினால் ஆக்சிஜனேற்றம் அடைந்தது’ என்னும் தொடர் தமிழில் முரண்போல் தோன்றுவதற்குச் சொல்லின் வெளிப்படையான உறுப்புகளே காரணம். இலங்கையில் வழங்கும் ‘ஒட்சியேற்றம்’ தனிமப் பெயரைக் குறைத்துக் கொள்வதால் இம்முரண் சற்றே மழுங்குகிறது. எனினும் அங்கு மின்சுமைக்கு ‘ஏற்றம்’ என்பதே சொல்லாதலால், ‘ஒட்சியேற்ற எண்’ என்பதில் வரும் ‘ஏற்றம்’ மின்சுமையைக் குறிப்பதாக மயங்கவும் இடமுண்டு.

எதிர்ச்சொல்லாகிய ‘ரிடக்ஷன்’ இலத்தீனில் ‘மீளக் கொணர்தல்’ என்னும் பொருளது. தாதுவிலிருந்து உலோகத்தை மீட்பதை முதலில் குறித்தது. தமிழ்நாட்டில் ‘ஒடுக்கம்’ என்றும் இலங்கையில் ‘தாழ்த்தல்’ என்றும் இது வழங்கும். ‘தாழ்த்தல்’ என்பது ஆக்சிஜனேற்ற எண் குறைவதைச் செவ்வனே உணர்த்துகிறது. ‘ஒடுக்கம்’ என்பதோ சைவ சித்தாந்த வழக்கில், தோன்றியது தன் காரணத்துள் மீள அடங்குதலைக் குறிக்கும் சொல். இலத்தீன் மூலத்தின் ‘மீளல்’ பொருளுக்கு அது எதிர்பாரா வகையில் அணுகி நிற்கிறது. ஒன்று இன்றைய கணக்கையும் மற்றொன்று பழைய உலைக்களத்தையும் நினைவூட்டுவதால், இரண்டுள் ஒன்றைத் தள்ள வேண்டிய தேவை இல்லை. ஒரு நூலுள் ஒன்றையே ஆளுதல் போதும்.

8. மரபுப் பெயர்கள்

சித்த மருத்துவ மரபு சில சேர்மங்களுக்குத் தனித்தனிப் பெயர் வழங்கியுள்ளது. முன்னுரையில் கூறிய பாதரசச் சேர்மங்கள் இரண்டும் அங்குப் பெயரால் மயங்குவதில்லை: மெர்குரஸ் குளோரைடு ‘பூரம்’ எனப்படும், மெர்குரிக் குளோரைடு ‘வீரம்’ எனப்படும். பாதரசத்தின் செந்நிறச் சல்பைடு ‘இலிங்கம்’. இரும்பின் +2 நிலைச் சல்பேட்டு ‘அன்னபேதி’. செம்பின் +2 நிலைச் சல்பேட்டு ‘துருசு’ அல்லது ‘மயில்துத்தம்’. ஈயத்தின் +2 நிலை ஆக்சைடு ‘மிருதார்சிங்கி’. ஆக்சிஜனேற்ற நிலை என்னும் கருத்து தோன்றுவதற்கு முன்னரே, நிறத்தாலும் செயலாலும் பொருள்களை வேறுபடுத்தி அறிந்ததன் பயன் இப்பெயர்கள்.

ஆயினும் இவற்றை ஆளுவதில் வரையறை வேண்டும். மரபுப் பெயர் சரக்கைக் குறிப்பது. வேதியியற் பெயர் தூய சேர்மத்தைக் குறிப்பது. வணிகச் சரக்கில் பிற பொருள்கள் கலந்திருக்கலாம். மேலும் ‘பூரம்’ என்னும் பெயரிலிருந்து அதில் பாதரசம் உள்ளதென்றோ, அது +1 நிலையில் உள்ளதென்றோ படிப்போர் உய்த்துணர முடியாது. ஆதலால் மருத்துவ, வரலாற்று நூல்களில் மரபுப் பெயரை முன்வைத்து வேதியியற் பெயரை விளக்கமாகத் தருவதும், வேதியியல் நூல்களில் அதனை மாற்றித் தருவதும் பொருந்தும்.

9. நிலையைக் கூறாது விடுதல்

மூலத்தில் உள்ள நிலைக்குறிப்பை மொழிபெயர்ப்பில் விட்டுவிடுவதே யாவற்றினும் பெரிய பிழை. குரோமியம் இதற்குத் தக்க சான்று. தோல் பதனிடுவதில் பயன்படுவது +3 நிலைக் குரோமியச் சல்பேட்டு. +6 நிலைக் குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் சேர்த்துள்ளது. +3 நிலைச் சேர்மங்கள் அவ்வாறு வகைப்படுத்த இயலாதனவாக மூன்றாம் வகுப்பில் உள்ளன. ராணிப்பேட்டைப் பகுதியில் குரோமேட்டு உற்பத்திக் கழிவால் நிலத்தடி நீர் மாசடைந்ததில் கவலைக்குரியதாக இருந்தது +6 நிலையே. அத்தகைய நீர்பற்றிய அறிக்கையைத் தமிழாக்குவோர் ‘குரோமியம் உள்ளது’ என்று மட்டும் எழுதினால், அந்நீரைக் குடிப்போர் அறிய வேண்டிய செய்தி விடுபட்டுப் போகும்.

மருந்து உறைகளிலும் இதனைக் காணலாம். குருதிச்சோகைக்குத் தரப்படும் மாத்திரையில் உள்ளது பெரஸ் சல்பேட்டு. பெரிக் நிலையினும் பெரஸ் நிலை இரும்பை உடல் எளிதில் ஏற்கும். ‘இரும்புச் சல்பேட்டு’ என்று மட்டும் குறித்தால் இவ்வேறுபாடு புலப்படாது. ஆர்செனைட்டு, ஆர்செனேட்டு இரண்டும் நஞ்சே. எனினும் +3 நிலையிலுள்ள முன்னது பின்னதினும் கடுமையானது. இவ்விரண்டையும் ‘ஆர்செனிக் உப்பு’ என அடக்கிவிடல் தகாது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் நெறிகள் பெறப்படும்.

1. மின்சுமை, இணைதிறன், ஆக்சிஜனேற்ற நிலை ஆகிய மூன்றுக்கும் மூன்று தனிச் சொற்களை நூல் முழுதும் மாறாது ஆளுதல் வேண்டும்.

2. ‘2+’, ‘+2’ ஆகியவற்றில் எண், குறி ஆகியவற்றின் வரிசையை மூலத்தில் உள்ளவாறே காத்தல் வேண்டும்.

3. ‘-அஸ்’, ‘-இக்’ ஈறுகளை எண்ணாகப் பெயர்க்குமுன் அத்தனிமத்தின் நிலைகளை ஆராய்தல் வேண்டும்.

4. ‘-டு’, ‘-ட்டு’ ஈறுகளைக் குற்றியலுகரத்தோடு எழுதுவதும், உருபேற்கும்போது ‘-டு’ ஈற்றை இரட்டாது விடுவதும் வேண்டும்.

5. நிலையெண்ணை இணைகோட்டாலும் தொகையெண்ணை முன்னொட்டாலும் வேறுபடுத்துதல் வேண்டும்.

6. நஞ்சு, மருந்து, குடிநீர் பற்றிய நூல்களில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் அதன் வாய்பாட்டையும் ஒருமுறையேனும் தருதல் வேண்டும். ஈறு மயங்கும் இடத்தில் வாய்பாடு மயங்காது.

அறிவியல் தமிழின் வளர்ச்சியைப் பெரும்பாலும் புதிய சொற்களின் எண்ணிக்கையால் அளவிடுவது வழக்கம். தனிமங்களின் நிலைகளைக் குறிக்கும் பெயர்களை நோக்கும்போது, சொல்லாக்கத்தினும் ஈற்றெழுத்து, புணர்ச்சி, எண்ணின் இடம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதே உடனடித் தேவையாகத் தோன்றுகிறது. இப்பணியில் வேதியியலார்க்குத் தமிழிலக்கணம் கற்றோரின் துணையும், மொழிபெயர்ப்பாளர்க்கு வேதியியலாரின் துணையும் வேண்டப்படுகின்றன. ஒரு டகரம் இரட்டுவதா, விடுவதா என்பதை இலக்கணம் மட்டும் முடிவு செய்ய இயலாத இடம் இது. அந்த டகரத்தைத் தாங்கிய பெயர் எந்தப் புட்டியின்மேல் ஒட்டப்படுகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.